கொடுமணலில் ஒரு பகல்

1

கடனும் உதவித்தொகையுமாகச் சேர்த்து இத்தாலிக்கு ஜவுளித் தொழில்நுட்பம் படிக்கப் போயிருக்கும் என் அக்கா மகன், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓஸ்டியாவைப் பார்த்துவிட்டு வந்து எனக்கு நீண்ட கடிதம் எழுதினான். கடிதம் என்று பழக்கத்தில் சொல்கிறேன். ராத்திரி பதினொரு மணியிலிருந்து ஒரு மணிவரை தொலைபேசியில் துண்டு துண்டாக வந்துகொண்டிருந்த செய்திகள்தாம் அவை. மறுநாள் காலை எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தபோது, சரித்திரத்தில் அக்கறை இல்லாத ஒரு பையன் ஒரு முழுநாளை இடிபாடுகளுக்கிடையே கழித்து எதையோ கண்டுகொண்டிருக்கிறான் என்று தெரிந்தது.

ஓஸ்டியா ரோமாபுரியின் பழைய துறைமுகப் பட்டினம். டைபர் நதி கடலில் கலக்கும் இடத்தில் இருந்தது. நதி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போக, இன்று பட்டினம் ஒரு பக்கம், கடல் சில மைல்களுக்கு அப்பால். இப்படிக் கைவிடப்பட்டதனாலேயே அது பிழைத்திருக்கிறது. தெருக்கள், மாடிக் குடியிருப்புகள், தானியக் கிடங்குகள், உணவுக்கடைகள், அரங்கம் எல்லாம் செங்கல் சுவர்களோடு நிற்கின்றன. பையனுக்கு அரங்கமும் தூண்களும் பிடிபடவில்லை. "சினிமா செட்டு மாதிரி இருக்குதுங்க மாமா" என்று எழுதியிருந்தான். பிறகு ஒரு தெருவில் திரும்பியிருக்கிறான். கூரையில்லாத ஒரு கட்டிடத்தின் நடுவே பெரிய தொட்டிகள். சுவரோரமாக வரிசையாகச் சின்னச் சின்ன மண்தொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் நிற்க இடம். "மாமா, இங்க ஒரு சலவைப்பட்டறை இருக்குதுங்க. அப்படியே நம்மூரு மாதிரி."

அவன் சொன்னது சரி. ரோமானியர்கள் நெய்த துணியை மிதித்துத் துவைத்துப் பதப்படுத்திய பட்டறை அது. சின்னத் தொட்டிகளில் பழைய மூத்திரமும் ஒருவகைக் களிமண்ணும் கலந்த நீரில் நின்று துணியை மிதிப்பார்கள். பெரிய தொட்டிகளில் அலசுவார்கள். மூத்திரத்திலுள்ள அம்மோனியா எண்ணெய்ப்பசையை எடுக்கும். தெருக்களிலிருந்து அதைச் சேகரிப்பதே ஒரு வியாபாரம். வெஸ்பாசியன் சக்கரவர்த்தி அதற்கும் வரி போட்டார். மகன் டைட்டஸ் முகம் சுளித்தபோது, அந்த வரியில் வந்த காசை அவன் மூக்கருகே நீட்டி நாறுகிறதா என்று கேட்டார் என்று ஸ்வெட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். காசுக்கு நாற்றமில்லை என்ற அந்த அரச ஞானம் எங்கள் ஊருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லாத ஒன்று.

அதே நாளில் அவன் பார்த்த இன்னொன்று, அரங்கத்துக்குப் பின்னால் உள்ள சதுக்கம். மூன்று பக்கமும் அறுபதுக்கு மேற்பட்ட சிறு அறைகள். ஒவ்வொன்றின் முன்னாலும் தரையில் கறுப்பு வெள்ளைக் கற்களால் பதித்த படமும் எழுத்தும். நார்போன் கப்பல்காரர்கள், கார்த்தேஜ் கப்பல்காரர்கள், யானைப் படம் போட்ட சப்ராதாக்காரர்கள், தோல் வியாபாரிகள், கயிறு வியாபாரிகள். எங்கள் ஊரில் ஏற்றுமதிக் கம்பெனிகள் பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் தெரு ஒன்றின் பெயரைச் சொல்லி, "அந்தத் தெருவேதானுங்க மாமா" என்று எழுதியிருந்தான். கடைசியாக ஒரு கேள்வி: "இத்தன பேரு இருக்குதே, அந்தத் தொட்டியில நின்னவங்க பேரு எங்கீங்க இருக்குது?"

இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவன் அம்மா, என் அக்கா, இருபது வருஷம் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டியவள். விடுமுறைக்கு ஊர் வந்தபோது அவனை நான் கொடுமணலுக்குக் கூட்டிப்போனேன். இக்கட்டுரை அந்த ஒரு பகலைப் பற்றியது.

2

முதலில் என்னைப் பற்றி ஒரு வாக்குமூலம். ஆங்கில இலக்கியம் பி.ஏ. படித்தவர்கள் ஊரைவிட்டு நகராமலேயே மூன்று வருஷம் அயல்நாட்டில் படித்துவிட்டு வந்தவர்கள். இடிபாடு என்றால் என்ன என்பதையும் அங்கேதான் கற்றோம். 1764 அக்டோபர் 15ஆம் தேதி மாலை, ரோமாபுரியின் கேபிடல் குன்றில் சிதைவுகளுக்கிடையே உட்கார்ந்து, ஜூபிடர் கோயில் இருந்த இடத்தில் வெறுங்கால் துறவிகள் மாலைப் பிரார்த்தனை பாடுவதைக் கேட்டபோது அந்நகரின் வீழ்ச்சியை எழுதும் எண்ணம் உதித்ததாக கிப்பன் சொல்கிறார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க வந்த பணக்கார ஆங்கில இளைஞர். அவருக்குப் பின் ஒரு நூற்றாண்டு ஆங்கிலக் கவிதை முழுக்க உடைந்த தூண்களும் படர்ந்த கொடிகளும்தாம். இடிபாடு என்றால் அது உயரமாக நிற்க வேண்டும், பாதி விழுந்திருக்க வேண்டும், பார்ப்பவனிடம் பெருமூச்சு வரவழைக்க வேண்டும். இந்தப் பெருமூச்சை வாங்கிக்கொண்டு வந்து நம்மவர்கள் பூம்புகாருக்கும் கங்கைகொண்டசோழபுரத்துக்கும் செலவழித்தார்கள். நானும் என் பங்குக்கு இருபது வயதில் இரண்டு கவிதை எழுதியிருக்கிறேன். அவை எங்கும் பிரசுரமாகாதது தமிழுக்கு நல்லது.

கொடுமணலில் இந்தப் பெருமூச்சுக்கு வேலையில்லை. நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே உள்ள ஒரு சின்னக் கிராமம். திருப்பூரிலிருந்து வண்டியில் ஒரு மணி நேரம் ஆகாது. ஊருக்கு வெளியே மானாவாரிக் காடு, முள், சரளைமண். கூர்ந்து பார்த்தால் கற்கள் வட்டமாகக் கிடப்பது தெரியும். பெருங்கற்கால ஈமக்காடு அது. சில இடங்களில் பதுக்கையின் கற்பலகைகள் மண்ணுக்கு மேல் விளிம்பு காட்டுகின்றன. மனிதர்கள் வாழ்ந்த பகுதி இன்னும் மோசம். அங்கே நிலம் மட்டும்தான். அகழ்ந்த குழிகளை அளந்து வரைந்து பதிவு செய்தபின் மூடிவிடுவது வழக்கம்.

"பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லீங்களே மாமா" என்றான். ஓஸ்டியாவைப் பார்த்த கண்.

வரப்பில் மாடு கட்டிக்கொண்டிருந்த பெரியவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங் தம்பி, கல்லுப் பொறுக்க வந்தீங்ளா?" என்று கேட்டார். இல்லை, சும்மா பார்க்க வந்தோம் என்றேன். "மழ பேஞ்ச மறுநாளு வரோணும். பாசி தானா மேல வந்து கெடக்கும். இப்பப் புழுதிதான்" என்றார். தலைமுறை தலைமுறையாக அந்த நிலத்தை உழுதவர்கள் மழைக்குப் பின் மணிகள் பொறுக்கியிருக்கிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் வருவதற்கு நெடுநாள் முன்பே அங்கே என்ன இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியும். சரித்திரம் என்று அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இல் இங்கே அகழாய்வைத் தொடங்கியது. எ. சுப்பராயலு, கா. ராஜன் முதலியோர் பல பருவங்கள் தோண்டினார்கள். பின்னாளில், 2012–13இல், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலிருந்து ராஜன் மீண்டும் வந்தார். ஈமக்காடும் வாழ்விடமும் சேர்ந்து ஏறக்குறைய ஐம்பது ஹெக்டேர். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் அணிகலனுக்குப் பேர்போன ஊராகச் சொல்லும் கொடுமணம் இதுதான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். பாட்டில் ஒரு அடைமொழியாக வந்துபோகும் ஊர் மண்ணுக்குள் ஒரு தொழிற்பேட்டையாக இருந்தது.

தொழிற்பேட்டை என்பதை அலங்காரமாகச் சொல்லவில்லை. இரும்பை உருக்கிய உலைகள், எஃகு செய்த மூசைகள், கசடு. அப்புறம் கல்மணிகள்: படிகம், பெரில், நீலக்கல், செவ்வந்திக்கல், சூதுபவளம், அகேட். முழுமையான மணிகள் மட்டும் கிடைத்திருந்தால் இது ஒரு பணக்கார ஊர் என்று மட்டும் சொல்லலாம். உடைத்த கல், உருட்டிய கல், மெருகேற்றாத மணி, பாதி துளையிட்ட மணி, துளையிடும்போது உடைந்துபோன மணி என்று வேலையின் எல்லாக் கட்டங்களும் கிடைத்தன. எங்கள் பாஷையில் சொன்னால் ரிஜக்ட் பீஸ். ரிஜக்ட் பீஸ் எங்கே குவிந்திருக்கிறதோ அங்கேதான் கம்பெனி இருந்தது என்று அர்த்தம்.

கச்சாப்பொருளின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. பெரில் பக்கத்திலேயே, காங்கயம் பக்கமுள்ள படியூரில் கிடைத்தது. நீலக்கல் சிவன்மலைப் பக்கம். ஆனால் சூதுபவளம் குஜராத்திலிருந்து வர வேண்டும். லாபிஸ் லாசுலி ஆப்கானிஸ்தானத்திலிருந்து. எங்கிருந்தோ பொருள் வரவழைத்து, இங்கே கையால் மதிப்பேற்றி, எங்கோ அனுப்புகிற ஊர். மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக முசிறித் துறை. கிழக்கே நொய்யலை ஒட்டிக் கரூர். இந்த வழியில்தான் கோயமுத்தூருக்கருகே வெள்ளலூரும் நொய்யல் கரையில் இருக்கிறது. அங்கே 1842இலும் 1891இலும் புதையலாக ரோம வெள்ளிக்காசுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள். பெரில் இந்தியாவில்தான் விளைகிறது, வேறெங்கும் அபூர்வம் என்றும், ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்றும் பிளினி புலம்பியது இந்தக் காலத்தில்தான்.

இவை தவிர, சுடுமண் தக்களிகள். நடுவில் துளையிட்டு இரும்புக்கம்பி செருகிய, நூல் முறுக்கும் வட்டுகள். பையன் அதுவரை அசிரத்தையாகக் கேட்டுக்கொண்டிருந்தவன், இதைச் சொன்னதும் நின்றான். "இங்கயும் நூலா?" என்றான்.

3

கொடுமணலில் கிடைத்த எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது பானை ஓடுகள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்தில் கீறல்கள். அநேகமாக எல்லாம் ஆட்பெயர்கள்: பண்ணன், கண்ணன் ஆதன், சாத்தந்தை, சம்பன் ஸுமணன். ஸுமணன் என்பது வடக்கிலிருந்து வந்த பெயர். அப்பன் பெயர் சம்பன், பிள்ளை பெயர் ஸுமணன் என்றால் அங்கே யாரோ வந்து தங்கியிருக்கிறார்கள், அல்லது வந்தவர்களோடு பழகிப் பெயர் மாறியிருக்கிறது. ஒரு ஓட்டில் நிகம என்று இருக்கிறது. வணிகக் குழு. எழுத்தோடு சேர்த்து, எழுத்தறியாதவனும் போடக்கூடிய குறியீடுகள் ஏராளம்.

இந்தப் பெயர்களை எப்படிப் பார்ப்பது என்பதில்தான் பிரச்னை. இதற்கு ஒரு பழைய உதாரணத்தைச் சொல்லியாக வேண்டும்.

1944இல் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரியில் ஒரு ரோமானிய மதுச்சாடியின் துண்டைக் கண்டார். அது எங்கே கிடைத்தது என்று கேட்டுக்கொண்டு புதுச்சேரி போனார். 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து மாணவர்களைத் திரட்டிப் பயிற்சி கொடுத்தார். அன்று புதுச்சேரி பிரெஞ்சு நாடு. ஆகவே அந்த மாணவர்களும், சட்டப்படி பார்த்தால், அயல்நாட்டில் இடிபாடு பார்க்கப் போன மாணவர்கள்தாம். மண்ணை அடுக்கடுக்காகப் படிக்கும் வித்தையை அங்கே கற்றார்கள். இந்திய அகழாய்வுக்கு அது பெரிய கொடை, மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த இடத்தின் காலத்தை வீலர் எதை வைத்துக் கணித்தார்? இத்தாலியில் அரெஸ்ஸோ என்ற ஊரில் செய்யப்பட்ட சிவப்பு மெருகுக் கிண்ணங்களின் துண்டுகளை வைத்து. அவற்றின் அடியில் விபியுஸ், கமுரியுஸ் என்று பட்டறைக்காரர்களின் முத்திரை இருந்தது. அந்தப் பட்டறைகள் எப்போது நடந்தன என்று இத்தாலியில் தெரியும்; ஆகவே அரிக்கமேடு எப்போது நடந்தது என்று இங்கே தெரியும். அதே மண்ணில் தமிழ் பிராமியில் பெயர் கீறிய ஓடுகளும் கிடைத்தன. 1946இல் வெளிவந்த அவருடைய அறிக்கையில் அவையும் அச்சாகியிருக்கின்றன. ஆனால் இத்தாலியக் குயவனின் பெயர் சாட்சி சொன்னது; உள்ளூர்ப் பெயர், காலம் கணிக்கப்பட வேண்டிய ஒரு பொருளாகக் கூண்டுக்கு வெளியே நின்றது. அறிக்கையின் தலைப்பிலேயே அரிக்கமேடு இந்திய–ரோம வணிக நிலையம் ஆகிவிட்டது. 1989 முதல் 1992 வரை அங்கே மீண்டும் அகழ்ந்த விமலா பெக்லி, ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அது ஒரு ஊராக இருந்தது என்பதை நிறுவ வேண்டியிருந்தது.

வீலரைத் திட்டிவிட்டு மார்தட்டிக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. மார்தட்டுகிறவர்களும் அதே காரியத்தைத்தான் செய்கிறார்கள். ரோமாபுரி வாங்கியது, ஆகவே நாம் பெரியவர்கள் என்கிற வாதத்தில் அளவுகோல் ரோமாபுரியுடையது. எங்கள் ஊர் மேடைகளில் ஏற்றுமதி விருது கொடுக்கும்போதெல்லாம் "இரண்டாயிரம் வருஷம் முன்பே யவனனுக்கு ஏற்றுமதி செய்த மண்" என்ற வாக்கியம் தவறாமல் வரும். யார் செய்தார்கள், என்ன கூலிக்கு, கூலி எப்போது கிடைத்தது என்று மேடையில் யாரும் கேட்பதில்லை. கொடுமணலின் ஈமக்குழிகள் இந்தக் கேள்வியைக் கேட்கின்றன. ஒரு குழியில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள். வேறு பல குழிகளில் சில பானைகள். பானையில் பெயர் எழுதியவன் மணிக்குத் துளையிட்டவனா, துளையிடவைத்தவனா, அல்லது வெறுமே அந்தப் பானையின் சொந்தக்காரனா என்று ஓடு சொல்வதில்லை. அதில் உழைப்பாளியின் கையெழுத்தைப் பார்த்துக் கண்ணீர் விடுவதும் இன்னொரு வகைப் பெருமூச்சுதான்.

இருந்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. அரசன் பெயர் அல்ல, தெய்வத்தின் பெயர் அல்ல, சாதாரணச் சமையல் பானையில் சாதாரண மனிதன் தன் பெயரைக் கீறியிருக்கிறான். எகிப்தின் செங்கடல் கரையில், குசேர் அல்-காதிமில் கணன், சாதன் என்ற பெயர்கள் இதே எழுத்தில் ஓடுகளில் கிடைத்தன. 1995இல் பெரனிகேயில் கொறபூமான். அந்நிய ஊரில் தன் பானை அடுத்தவன் பானையோடு கலந்துவிடக் கூடாது என்ற சின்னக் கவலை. இந்தக் கவலையை நான் அறிவேன். அக்கா மகன் இத்தாலிக்குப் போகும்போது அவன் அம்மா எவர்சில்வர் டிபன் டப்பாவில் அவன் பெயரைப் பொறித்துக் கொடுத்தாள்.

4

நான் வேலை செய்வது வங்கியில், ஏற்றுமதிப் பிரிவில். ஆர்டர் வந்ததும் கம்பெனிக்காரர் ஆர்டரைக் காட்டிப் பேக்கிங் கிரெடிட் வாங்குவார். அந்தப் பணத்தில் நூல் வாங்கி, பின்னி, சாயம் போட்டு, வெட்டி, தைத்து அனுப்ப வேண்டும். அதுவரை நூல், துணி, பீஸ் எல்லாம் வங்கிக்கு ஈடு. சரக்கு கப்பலேறியதும் பில் வரும். பணம் வந்தால் கடன் தீரும். வராவிட்டால் சரக்கின்மேல் நாங்கள் கை வைப்போம். என் மேஜைக்கு வரும் காகிதங்களில் கடன் வாங்கியவர் பெயர், வாங்குபவர் பெயர், இரண்டு வங்கிகளின் பெயர், கப்பலின் பெயர் உண்டு. தைத்தவர் பெயர் எந்தக் காகிதத்திலும் கிடையாது. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை என்றுதான் பத்து வருஷமாக நினைத்திருந்தேன்.

கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வைத் தொடங்கிய அதே 1985இல், வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் பிரசுரமாயிற்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. எகிப்தில் கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. ஒரு பக்கம் முசிறி வியாபாரம் சம்பந்தமான கடன் ஒப்பந்தம். மறுபக்கம் ஹெர்மபோலோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பீடு. சரக்கைச் செங்கடல் துறையிலிருந்து ஒட்டகத்தில் ஏற்றிப் பாலைவனம் கடத்தி, நைல் கரையில் கோப்டோஸ் கிடங்கில் சேர்த்து, ஆற்று வழியே அலெக்சாந்திரியாவின் சுங்கக் கிடங்குக்குக் கொண்டுபோக வேண்டும். வழி நெடுகச் சரக்கு கடன் கொடுத்தவரின் அதிகாரத்தில், அவர் முத்திரையில். கால்பங்கு சுங்கம். தவணை தவறினால் சரக்கை அவர் எடுத்துக்கொள்ளலாம், விற்கலாம், மறு அடமானம் வைக்கலாம். சுங்கம் போக மதிப்பு ஏறக்குறைய எழுபது லட்சம் செஸ்டர்ஸ்.

இதைப் படித்தபோது எனக்கு உண்டானது வியப்பல்ல. ஆபீசில் உட்கார்ந்திருக்கும் உணர்ச்சிதான். ஷரத்துகளின் குரல் ஒன்றேதான். யார் எழுதினாலும் கடன் பத்திரம் ஒரே குரலில் பேசுகிறது.

இந்தப் பாப்பிரஸில் கடன் கொடுத்தவர் பெயரும் வாங்கியவர் பெயரும் இருந்திருக்க வேண்டிய பகுதி கிழிந்துபோய்விட்டது. கப்பலின் பெயர் மிஞ்சியிருக்கிறது. சரக்குப் பட்டியலில் கங்கைச் சடாமாஞ்சில், யானைத் தந்தம். மூன்றாவதாக வரும் ஒரு சொல்லை முதலில் துணி என்று படித்தார்கள். பின் வந்தவர்கள் அதைத் தந்தத்தின் உடைசல்கள் என்று திருத்திப் படித்தார்கள். நெய்தவன் பெயர் இல்லை என்பது போக, அந்தக் கப்பலிலிருந்து துணியே காணாமல் போயிற்று.

துணி வேறிடத்தில் கிடைத்தது. பெரனிகேயின் குப்பைமேடுகளில், வறண்ட மணலில் மக்காமல் பருத்தித் துணிகள், பாய்மரத் துண்டுகள். அவற்றில் இந்தியத் துணி எது என்று ஆய்வாளர்கள் எப்படிப் பிரித்தார்கள் என்றால், முறுக்கை வைத்து. எகிப்தில் நூற்பவர்கள் நூலை எஸ் முறுக்காக முறுக்கினார்கள். இந்தியாவில் இஸட் முறுக்கு. தக்களியைக் கை எந்தப் பக்கம் திருப்பப் பழகியதோ அந்தப் பக்கம். ஊர்விட்டு ஊர் போனாலும், சாயம் ஏறினாலும், கிழிந்து குப்பைக்குப் போனாலும் முறுக்கு மாறாது.

இதை நான் சொன்னது ஆற்றங்கரையில் வேப்பமர நிழலில் கட்டுச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. நூல் முறுக்கைப் பற்றிப் பையனுக்கு நான் விளக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவன்தான் எனக்கு விளக்கினான். முறுக்கு தவறினால் பனியன் துணி எப்படிக் கோணிக்கொள்ளும், சலவைக்குப் பின் பக்கத்தையல் எப்படி முன்னால் திரும்பி வந்துவிடும் என்று சோற்றுக்கையால் காட்டினான். கொடுமணலுக்கு வந்ததிலிருந்து அப்போதுதான் அவன் அந்த இடத்தில் இருந்தான் என்று சொல்ல வேண்டும்.

5

நொய்யலைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1978இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் பம்பாய் ஏற்றுமதியாளர்கள் வழியாகத் திருப்பூருக்கு வந்து வெள்ளை டீ-சட்டைகள் வாங்கினார் என்பது எங்கள் ஊரின் தோற்றக்கதை. மறுபடியும் இத்தாலிதான். வெள்ளைச் சட்டைக்குப் பின் கலர்ச் சட்டை வந்தது. கலருக்குச் சாயப்பட்டறை, சாயப்பட்டறைக்கு ஆறு. பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் கட்டி 1992இல் திறந்த அணை, சில வருஷங்களில் சாயக்கழிவின் தேக்கமாயிற்று. கொடுமணல் பக்கத்துக் காடுகளின் ஊர் அது. கீழே கரூர்வரை உழவர்கள் போராடினார்கள், வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகு கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாட்டோடுதான் திறக்க முடிந்தது. அந்த மாதங்களில் ஊரைவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். கடன் கணக்குகள் என்னவாயின என்பது என் தொழில் ரகசியம்.

கொடுமணலின் பட்டறைகளும் ஏறக்குறைய கி.பி. மூன்றாம் நூற்றாண்டோடு ஓய்கின்றன. மேற்கே வாங்குகிறவர்கள் தேய்ந்தார்கள். ஆனால் அவர்களுடைய கழிவு இன்று உழவுநிலத்தில் கிடக்கும் கல்சில்லும் இரும்புக்கசடும். ஆடு மேய்க்கலாம், கம்பு விதைக்கலாம். எங்களுடைய கழிவு அணையின் அடியில் படிந்த சேறு. இரண்டாயிரம் வருஷம் கழித்து யாராவது தோண்டினால் எங்களுடைய மண்ணடுக்கை நிறத்தை வைத்தே அடையாளம் கண்டுகொள்வார்கள். ஆனால் பெயரை? சட்டையின் கழுத்தில் தைத்த லேபிள் வாங்கியவனுடைய பெயர். மக்காத செயற்கை நூல் அது, நிச்சயம் கிடைக்கும். நம் ஊர் பிராமியில் ஒரு கீறல்கூட அதில் இருக்காது.

சாயங்காலம் திரும்பும்போது பையன் கால்பட்டுப் புரண்ட ஒரு ஓட்டை எடுத்தான். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. கீறல் எதுவும் இல்லை. பேண்டில் துடைத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்தான். நான் சொல்லவில்லை.

வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அம்மா தெச்ச கட்டுல எல்லாம் ஒரு சீட்டு வெச்சுக் கட்டுவாங்க மாமா. அதுல அம்மா நம்பர் இருக்கும். பேக்கிங் போறதுக்கு முன்னாடி அதக் கிழிச்சுருவாங்க. சின்னப்பையனா இருக்கறப்ப அந்தச் சீட்டையெல்லாம் பொறுக்கி வெளையாடுவனுங்க."

நம்பர் என்னவென்று கேட்டேன். முப்பத்தேழு என்றான்.

ஓஸ்டியாவிலிருந்து அவன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வங்கியில் மறுநாள் ஒரு பில்லைச் சரிபார்க்கும்போது, நான்காயிரத்து எண்ணூறு பீஸ் என்று இருந்த வரியில் சற்று அதிக நேரம் நின்றேன். பின்னால் ஆள் நின்றுகொண்டிருந்தார். சீல் போட்டுக் கொடுத்தேன்.